க்ஷயரோகமும் நவீன சாதனங்களும்

நவீன வைத்தியத்தின் முன்னேற்றத்தை மதிப்பிட விரும்புகிறவர்கள் இருதய மாற்றுச் சிகிச்சையையோ, மரபணுவைத் திருத்தும் நூதன முறைகளையோ, வைத்தியரின் விரல் அசைவுக்கு இணங்கி அறுவை செய்யும் யந்திரக் கரங்களையோ எடுத்துக்கொண்டு பேசுவது வழக்கம். அவை வியக்கத்தக்கவைதாம், ஆயினும் அவற்றை மட்டும் கொண்டு ஒரு காலத்தின் வைத்தியத்தை எடைபோடுவது, ஊரின் செல்வத்தை அவ்வூர் ஜமீன்தாரின் மாளிகையைப் பார்த்துக் கணக்கிடுவதற்கு ஒப்பாகும். பழைய நோய் ஒன்றை எடுத்துக்கொண்டு, புதிய சாதனங்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தபோது அந்நோய் என்ன ஆயிற்று, நோயாளி என்ன ஆனான் என்று தொடர்ந்து பார்ப்பதே நேர்மையான பரிசீலனையாக இருக்கும். அதற்கு, காசநோய் என்று இப்போது வழங்கும் க்ஷயரோகத்தைக் காட்டிலும் பொருத்தமான நோய் கிடைப்பது அரிது. 1882 மார்ச் 24ஆம் தேதி பெர்லின் நகரத்து விஞ்ஞானிகள் கூட்டத்தில் ராபர்ட் கோக் என்பவர், மனித வர்க்கத்தில் ஏழில் ஒருவரைக் கொண்டுபோகும் இந்நோய்க்குக் காரணம் ஒரு கிருமியே என்று நிரூபித்துக் காட்டினார். அதன் பின் கிருமியைக் காணும் வழி, கொல்லும் மருந்து, நெஞ்சுக்குள் பார்க்கும் எக்ஸ்ரே ஆகிய எல்லாம் வந்துவிட்டன. அவ்வாறிருந்தும், 2023ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 1 கோடியே 8 லட்சம் பேர் க்ஷயத்துக்கு ஆளானார்கள் என்றும், பன்னிரண்டரை லட்சம் பேர் மாண்டார்கள் என்றும், நோயுற்றவர்களில் நூற்றுக்கு 26 பேர் இந்தியர் என்றும் உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. குணப்படுத்தக்கூடிய ஒரு நோயில் இத்தனை மரணம் நிகழ்வதற்கு விஞ்ஞானம் போதாமை காரணமாக இருக்க முடியாது. வேறு காரணத்தைத் தேட வேண்டும்.

அக்காரணம் பல கிளைகள் உடையது என்பது உண்மையே. வறுமை, நெருக்கடியான குடியிருப்பு, அரசாங்கங்களின் அசிரத்தை என்று பலரும் பலவாறு எழுதியிருக்கிறார்கள். அவற்றோடு, அதிகம் பேசப்படாத ஒன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் அபிப்பிராயம். எந்தக் கருவி கைக்கு வந்ததோ, அந்தக் கருவி எதை அளக்கிறதோ, அதுவே நோய் என்று கருதிவிடும் மனோபாவம் வைத்திய சாஸ்திரத்தில் ஊறிப்போயிருக்கிறது. சாதனங்களின் சரித்திரத்தைச் சற்று நிதானமாகப் பார்த்தால் இது விளங்கும்.

கோக் தாமே முதல் உதாரணம். கிருமியைக் கண்ட எட்டு ஆண்டுகளுக்குப் பின், 1890இல், க்ஷயத்துக்கு மருந்து கண்டுவிட்டதாக அவர் அறிவித்தார்; டியூபர்குலின் என்ற அந்தத் திரவத்துக்காக ஐரோப்பா முழுவதிலுமிருந்து நோயாளிகள் பெர்லினை நோக்கித் திரண்டார்கள். திரவம் க்ஷயத்தைக் குணப்படுத்தவில்லை; சிலருக்குக் கேடும் விளைத்தது. பிற்காலத்தில் அதே திரவம், ஒருவர் உடலில் கிருமி புகுந்திருக்கிறதா என்று தோலில் குத்திப் பார்க்கும் பரிசோதனைக்கு உபயோகமாயிற்று.

மருந்தில்லாத அந்நாட்களில் வைத்தியர்கள் நம்பியது காற்றையும் ஓய்வையும் உணவையும். அந்த நம்பிக்கையில் எழுந்தவையே சானடோரியங்கள். நம் பக்கத்தில் மதனப்பள்ளியில் 1915இலும், தாம்பரத்தில் டாக்டர் சௌரி முத்துவின் முயற்சியால் 1928இலும் அவை தோன்றின. இந்தச் சௌரி முத்து அதற்கு முன் இங்கிலாந்தில் மெண்டிப் மலைச்சாரலில் ஒரு சானடோரியம் நடத்தியவர். 1917இல் நோயுற்ற கணித மேதை ராமானுஜன் சில காலம் அங்கே அவரிடம் சிகிச்சை பெற்றார். ராமானுஜன் 1920இல் சென்னைச் சேத்துப்பட்டில் காலமானார். அவரைக் கொன்றது க்ஷயமே அல்ல, ஈரலைத் தாக்கிய அமீபா நோயாக இருக்க வேண்டும் என்று, பழைய குறிப்புகளை ஆராய்ந்து, டி. ஏ. பி. யங் என்ற ஆய்வாளர் 1994இல் எழுதினார். பெரிய வைத்தியர்கள் பலர் பார்த்த நோயாளிக்கே இந்த நிலை என்றால், பெயரில்லாத லட்சக்கணக்கானவர்களுக்கு அக்காலத்தில் என்ன பெயரிட்டு என்ன சிகிச்சை செய்தார்களோ!

1943இல் அமெரிக்காவில் வாக்ஸ்மன் என்ற விஞ்ஞானியின் ஆராய்ச்சிச்சாலையில் ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற மாணவர் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசினைப் பிரித்தெடுத்தார். இதைச் சோதிப்பதற்காகப் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நடத்திய பரீக்ஷை வைத்திய சரித்திரத்தில் ஒரு திருப்பம். யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் படுக்கை ஓய்வு என்பதை வைத்தியரின் விருப்பத்துக்கு விடாமல் குலுக்கல் முறையில் தீர்மானித்தது அதன் சிறப்பு. 1948இல் வெளியான முடிவின்படி, ஆறு மாதத்தில் மருந்து பெற்ற 55 பேரில் 4 பேரும், பெறாத 52 பேரில் 14 பேரும் இறந்திருந்தார்கள். பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் இத்துடன் நிறுத்திக்கொள்கின்றன. ஐந்து ஆண்டு கழித்துப் பார்த்தபோது, மருந்து பெற்றவர்களில் 32 பேரும் பெறாதவர்களில் 35 பேரும் இறந்திருந்தார்கள் என்பதைச் சொல்வோர் குறைவு. ஒற்றை மருந்துக்குக் கிருமி விரைவில் பழகிவிட்டது; ஆறாம் மாதத்து வெற்றி ஐந்தாம் ஆண்டில் ஏறக்குறைய கரைந்துபோயிற்று. பிறகு பி.ஏ.எஸ்., 1952இல் ஐசோநயாசிட் என்று வேறு மருந்துகள் வந்து, இரண்டு மூன்றைச் சேர்த்துக் கொடுத்தால் கிருமி தப்ப வழியில்லை என்று கண்ட பின்னரே க்ஷயம் உண்மையில் குணமாகும் நோயாயிற்று.

இனி, சென்னையின் பெயர் உலக வைத்திய சரித்திரத்தில் நிலைபெறக் காரணமாயிருந்த ஆராய்ச்சிக்கு வருவோம். 1956இல், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும், சென்னை அரசாங்கமும், உலக சுகாதார நிறுவனமும், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் கூடி, சேத்துப்பட்டில் க்ஷயரோக மருந்துச் சிகிச்சை நிலையம் ஒன்றை ஏற்படுத்தின. வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கில வைத்தியர் அதற்குத் தலைமை தாங்க வந்தார். அக்காலத்து இந்தியாவில் க்ஷயரோகிகளின் தொகைக்கு முன் சானடோரியப் படுக்கைகள் ஒரு பொருட்டே அல்ல. ஆகவே எழுந்த கேள்வி இது: நல்ல உணவும், பூரண ஓய்வும், நர்ஸுகளின் கவனிப்பும் உள்ள சானடோரியத்தில் ஓராண்டு மருந்து கொடுப்பதற்கும், சென்னை நகரத்து நெருக்கடியான குடிசையில், அரை வயிற்று உணவோடு, வேலைக்கும் போய்க்கொண்டு அதே மருந்தை உட்கொள்வதற்கும் பலனில் எவ்வளவு பேதம் இருக்கும்? 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கிப் பார்த்தார்கள். ஓராண்டு முடிவில் சானடோரியத்தில் இருந்தவர்களில் நூற்றுக்கு 92 பேருக்கும், வீட்டில் இருந்தவர்களில் நூற்றுக்கு 86 பேருக்கும் கிருமி அடங்கியிருந்தது. நோயாளியோடு வீட்டில் வாழ்ந்த குடும்பத்தாருக்கும் அதனால் விசேஷ ஆபத்து நேரவில்லை என்று தொடர்ந்து கவனித்ததில் தெரிந்தது. 1959இல் இது பிரசுரமானதும் உலகமெங்கும் சானடோரியங்களின் காலம் முடியத் தொடங்கிற்று. யந்திரம் எதுவும் இல்லாமல், புது மருந்து எதுவும் இல்லாமல், ஒரு நல்ல கேள்வியைச் சரியான முறையில் கேட்டதனாலேயே விளைந்த இந்தப் பலனை, இருபதாம் நூற்றாண்டின் மகத்தான வைத்திய சாதனைகளுள் ஒன்றாக நான் கருதுகிறேன்.

ஆனால் அந்த ஆராய்ச்சி நிரூபித்தது ஒன்று. உலகம் அதிலிருந்து எடுத்துக்கொண்டது மற்றொன்று. மருந்து ஒழுங்காகச் சென்றால் கிருமி அடங்குவதற்குச் சானடோரியத்து உணவு அவசியமில்லை என்பதுதான் அது காட்டியது. க்ஷயரோகிக்கு உணவே முக்கியமல்ல என்று அதைப் படித்தவர்கள் பலர். சானடோரியத்தில் இருந்தவர்களின் உடல் எடை வீட்டில் இருந்தவர்களுக்கு ஏறியதைவிட அதிகம் ஏறிற்று என்ற விஷயம் அந்த அறிக்கையிலேயே இருந்தும், அளக்க எடுத்துக்கொண்டது கிருமியாதலால், எடை ஒரு பக்கக் குறிப்பாக ஒதுங்கிவிட்டது. இன்னொரு விஷயமும் அப்படியே ஒதுங்கிற்று. சேத்துப்பட்டு ஆராய்ச்சியில் நோயாளிகளை அவரவர் வீட்டில் அப்படியே விட்டுவிடவில்லை. நிலையத்தார் வீடு தேடிப் போனார்கள், சொல்லாமல் போய் மாத்திரைகளை எண்ணினார்கள், மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று சிறுநீரைச் சோதித்தார்கள். பின்னால் தேசத் திட்டங்களாக வீட்டுச் சிகிச்சை பரவிற்று. வீடு தேடி வந்த நர்ஸ் அந்த அளவுக்குப் பரவவில்லை.

நோயைக் கண்டுபிடிக்கும் முறைகளில் சென்ற பதினைந்து ஆண்டுகளில் நேர்ந்த மாறுதல் அதற்கு முந்திய நூறு ஆண்டுகளிலும் நேராதது. பழைய முறை சளிப் பரிசோதனை. கேட்பதற்கு எளிது, செய்து பார்த்தவர்களுக்குத்தான் அதன் சங்கடம் தெரியும். காலையில் எழுந்ததும் ஆழ்ந்து மூச்சிழுத்து, அடி நெஞ்சிலிருந்து இருமிக் கோழையைக் கொண்டுவந்து, சிறிய டப்பாவில் உமிழ வேண்டும். வெட்கத்தினாலும் அவசரத்தினாலும் பலர் கொண்டுவருவது எச்சில்தான். சிறு குழந்தைகளுக்கு அதுவும் வராது. டப்பாவில் வந்ததைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சிவப்புச் சாயமிட்டுச் சூடுகாட்டி, அமிலத்தால் கழுவி, நீலச் சாயமிட்டு, நுண்ணோக்கியின் கீழ் வைத்தால், நீலப் பின்னணியில் செந்நிறக் குச்சிகளாகக் கிருமி தென்படும். ஒரு மில்லிலிட்டர் சளியில் ஐயாயிரம் பத்தாயிரம் கிருமிகள் இருந்தால்தான் கண்ணுக்குப் படும். நாளெல்லாம் தகடு பார்த்துக் களைத்த கண்ணுக்கு அதுவும் தப்பிவிடலாம். கிருமியை வளர்த்துப் பார்ப்பதென்றால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதற்குள் நோயாளி ஊர் மாறியிருப்பான், அல்லது காலமாகியிருப்பான்.

2010 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் எக்ஸ்பர்ட் என்ற யந்திரத்தை அங்கீகரித்தபோது இந்தக் காத்திருப்புக்கு விமோசனம் வந்துவிட்டது என்று எல்லோரும் மகிழ்ந்தார்கள். நம் நாட்டு ஆஸ்பத்திரிகளில் சிபிநாட் என்று வழங்கும் பரிசோதனை இதுதான். சளியோடு ஒரு திரவத்தைக் கலந்து குலுக்கி, கால் மணி நேரம் வைத்து, கைக்கடக்கமான ஒரு கார்ட்ரிட்ஜில் ஊற்றி யந்திரத்தில் செருகினால், மற்ற வேலை அனைத்தும் அதற்குள்ளேயே நடந்து, இரண்டு மணி நேரத்தில் கிருமியின் மரபணு உண்டா இல்லையா என்று தெரிந்துவிடும். முதன்மை மருந்தாகிய ரிஃபாம்பிசினுக்கு அக்கிருமி மசியுமா என்பதும் கூடவே தெரியும். பழைய முறைக்கு எட்டாத கிருமியும் இதற்கு எட்டும். குறைகள் இல்லாமல் இல்லை: விட்டு விட்டு வரும் மின்சாரமும் நம் வெயிலும் புழுதியும் அதற்கு ஒவ்வாதவை, கார்ட்ரிட்ஜைச் செய்வது ஒரே கம்பெனியாதலால், 2012இல் ஏழை நாடுகளுக்கென்று நிர்ணயமான ஏறக்குறைய 10 டாலர் விலை, பதினோராண்டு கிளர்ச்சிக்குப் பின்னரே 8 டாலருக்கு இறங்கிற்று. மின்கலத்தில் ஓடும் ட்ரூநாட் என்ற யந்திரத்தைக் கோவாவில் உள்ள ஒரு கம்பெனி செய்து, 2020இல் அதுவும் அங்கீகாரம் பெற்றது. ஆரம்ப சுகாதார நிலையம் வரை போகத்தக்கது என்பதால் நமக்கு அதுவே அதிக உபயோகம்.

இவற்றையெல்லாம் காட்டிலும் சிந்திக்க வேண்டிய விஷயம் தென்னாப்பிரிக்காவில் நிகழ்ந்தது. அந்நாடு 2011 முதல் எக்ஸ்பர்ட் யந்திரத்தைத் துணிந்து தேசமெங்கும் நிறுவிற்று. அப்போது, யந்திரம் வந்த நிலையங்களையும் பழைய நுண்ணோக்கியோடு இருந்த நிலையங்களையும் ஒப்பிட்டு நடத்திய ஆராய்ச்சி 2015இல் வெளியாயிற்று. ஆறு மாதத்துக்குள் இறந்தவர்களின் விகிதத்தில் இரு பக்கத்துக்கும் வித்தியாசம் காணப்படவில்லை. யந்திரம் பொய் சொல்லவில்லை. சளியில் கிருமி அகப்படாவிட்டாலும், அனுபவமுள்ள வைத்தியர்கள் எக்ஸ்ரேயையும் முகத்தையும் பார்த்தே முன்பும் மருந்து தொடங்கிக்கொண்டிருந்தார்கள். யந்திரம் கண்டுசொன்னவர்களிலோ சிலர் முடிவைத் தெரிந்துகொள்ளத் திரும்பி வரவேயில்லை. பரிசோதனைச்சாலையின் கதவுக்கு வெளியே நேரும் தாமதத்தை இரண்டு மணி நேர யந்திரம் குறைக்க முடியாதல்லவா?

இந்தியாவில் அந்தக் கதவுக்கு வெளியே நிற்பவர்கள் எத்தனை பேர் என்பதை, 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பு காட்டிற்று. க்ஷயத்தின் அறிகுறிகள் இருந்தவர்களில் நூற்றுக்கு 64 பேர் எந்த வைத்தியரிடமும் போகவில்லை. எக்ஸ்ரே எடுத்திராவிட்டால் கண்டுபிடித்த நோயாளிகளில் நூற்றுக்கு 43 பேர் தப்பிப் போயிருப்பார்கள், ஏனெனில் அவர்களுக்கு இருமல் முதலிய அறிகுறியே இல்லை. ஆகவே வருகிறவர்களைச் சோதித்தால் போதாது, தேடிப் போய் எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது. சரியான வேளையில் அதற்கேற்ற சாதனமும் வந்தது. மூன்றரைக் கிலோ எடையுள்ள, கையில் தூக்கிச் செல்லக்கூடிய எக்ஸ்ரே யந்திரத்தை ஒரு ஜப்பானியக் கம்பெனி செய்தது. படத்தைப் படிக்க நிபுணர் கிடைக்காத குறையைச் செயற்கை நுண்ணறிவு நீக்கிற்று. நெதர்லாந்து, தென்கொரியா, மும்பை ஆகிய இடங்களில் உருவான மென்பொருள்கள் நெஞ்சுப் படத்தைப் பார்த்து, க்ஷயமாக இருக்கக்கூடும் என்பதற்கு நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுகின்றன. 2021இல் உலக சுகாதார நிறுவனம், பதினைந்து வயதும் அதற்கு மேலும் ஆனவர்களின் படத்தை மனிதருக்குப் பதிலாக இவை படிக்கலாம் என்று அனுமதித்தது. டாக்காவில் ஏறக்குறைய 24 ஆயிரம் பேருடைய படங்களைக் கொண்டு ஐந்து மென்பொருள்களைச் சோதித்தபோது, அவை அவ்வூர் நிபுணர்களையும் விஞ்சின.

யந்திரம் நிபுணரை விஞ்சியது என்ற செய்தியோடு பத்திரிகைகள் திருப்தியடைந்துவிட்டன. அதே ஆராய்ச்சியில், முதியவர்களிடத்தும், முன்பு ஒரு முறை க்ஷயம் வந்து குணமானவர்களிடத்தும் இந்த மென்பொருள்கள் தடுமாறின என்பதும் எழுதப்பட்டிருக்கிறது. பழைய தழும்பையும் புதிய புண்ணையும் பிரித்தறிவது நிழலைக் கொண்டு மட்டும் இயல்வதன்று, அந்த மனிதரிடம் “முன்பு மாத்திரை சாப்பிட்டிருக்கிறீர்களா?” என்று ஒரு வார்த்தை கேட்டாக வேண்டும். எந்த மதிப்பெண்ணுக்கு மேல் சளியைச் சோதிப்பது என்ற கோட்டையும் யந்திரம் தானே போடாது. கோட்டைத் தாழ்த்தினால் கார்ட்ரிட்ஜ் செலவு ஏறும். உயர்த்தினால் நோயாளிகள் விடுபடுவார்கள். கணக்கு யந்திரம் போட்டாலும், எத்தனை பேரை விட்டுவிடச் சம்மதம் என்று தீர்மானிப்பது அதிகாரிகளின் பட்ஜெட்தான். அதை விஞ்ஞானத்தின் தீர்ப்புப்போல் பேசுவது எனக்கு உவப்பாக இல்லை.

மருந்துகளின் நிலையைச் சொல்வதானால், மனம் நிறையச் சந்தோஷப்பட வேண்டிய பகுதி இதுவே. ரிஃபாம்பிசினுக்குப் பின் நாற்பது ஆண்டுக் காலம் க்ஷயத்துக்கென்று புதுவகை மருந்து எதுவும் வரவில்லை. ஏழைகளின் நோய்க்கு மருந்து தேடுவதில் லாபம் இல்லை என்பது அதற்கு முக்கியமான காரணம். மருந்துக்கு மசியாத க்ஷயம் வந்தவர்கள் பதினெட்டு மாதம், இரண்டு ஆண்டு என்று மாத்திரைகளை விழுங்கி, அதோடு மாதக்கணக்கில் தினமும் கனாமைசின் போன்ற ஊசிகளையும் போட்டுக்கொண்டார்கள். உயிர் பிழைத்தவர்களில் பலருக்குக் காது போயிற்று. 2012இல் பெடாக்விலின் வந்தது. கிருமி தனக்கு வேண்டிய சக்தியை உண்டாக்கிக்கொள்ளும் நொதியையே அது முடக்குகிறது. லாபநோக்கற்ற ஓர் அமைப்பு வளர்த்தெடுத்த பிரிட்டோமனிட்டையும், லினசோலிட்டையும் அதனோடு சேர்த்துத் தென்னாப்பிரிக்காவில் 109 நோயாளிகளுக்கு ஆறு மாதம் கொடுத்ததில், மிகக் கடுமையான வகை க்ஷயத்திலும் பத்தில் ஒன்பது பேருக்குப் பலித்தது. லினசோலிட்டால் கை கால் நரம்புகள் மரத்துப்போவது பெருந்தொல்லையாக இருந்தமையால் அதன் அளவைப் பின்னர் பாதியாக்கினார்கள். மாக்ஸிஃப்ளாக்சசினும் சேர்ந்த நான்கு மருந்து முறையை உலக சுகாதார நிறுவனம் 2022இலும், இந்திய அரசாங்கம் 2024இலும் ஏற்றுக்கொண்டன. ஊசி ஒழிந்தது, இரண்டு ஆண்டாக இருந்த சிகிச்சை ஆறு மாதமாயிற்று.

பெடாக்விலினின் உரிமை ஜான்சன் அண்ட் ஜான்சன் கம்பெனியிடம் இருந்தது. மூல உரிமை 2023 ஜூலையில் முடிவதாயிருக்க, மருந்தின் ஓர் உப்பு வடிவத்துக்குப் புதிய உரிமை கேட்டு அக்காலத்தை நீட்டிக்கொள்ள அது முயன்றது. இதை இந்தியக் காப்புரிமை அலுவலகத்தில் ஆட்சேபித்தவர்களில் முக்கியமானவர்கள், பழைய ஊசிகளால் செவிப்புலனை இழந்த இரண்டு பெண்கள்: இந்தியாவின் நந்திதா வெங்கடேசன், தென்னாப்பிரிக்காவின் பூமேசா திசிலே. 2023 மார்ச்சில் அவர்கள் பக்கம் தீர்ப்பாயிற்று; இந்தியக் கம்பெனிகளும் மருந்தைச் செய்யலாமென்று ஆன அதே ஆண்டில் உலகச் சந்தையில் விலை பாதிக்கும் கீழே இறங்கிற்று. ஒரு மருந்தின் சரித்திரத்தில் அதைக் கண்டுபிடித்தவர்களுக்கு உள்ள இடம் இத்தகையோருக்கும் உண்டு. இதற்குள் பெடாக்விலினுக்கும் மசியாத கிருமிகள் தோன்றத் தொடங்கிவிட்டன என்பதையும் குறிப்பிட வேண்டும். ஸ்ட்ரெப்டோமைசின் நாள் முதல் தொடரும் கதைதான் இது.

மாத்திரையை நோயாளி ஒழுங்காக விழுங்குகிறானா என்று கண்காணிக்கும் சாதனங்களைப் பற்றி விரிவாகச் சொல்ல ஒன்றுமில்லை. மாத்திரைப் பட்டையைப் பிரித்தால் உள்ளே மறைந்திருக்கும் தொலைபேசி எண் தெரியும், அந்த எண்ணுக்குக் காசில்லாமல் ஓர் அழைப்பு விடுத்தால் மருந்து சாப்பிட்டதாகக் கணக்கு என்பது அவற்றுள் ஒன்று. சாப்பிட்டுவிட்டு அழைக்காதவர்களும் இருந்தார்கள், அழைத்துவிட்டுச் சாப்பிடாதவர்களும் இருந்தார்கள். அளப்பது தொலைபேசி அழைப்பை, எண்ணுவதோ சிகிச்சையை.

இந்நிலையில்தான் தமிழ்நாட்டில் 2022 ஏப்ரலில் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம் என் கவனத்தைக் கவர்கிறது. க்ஷயத்தால் நேரும் மரணங்களில் பெரும்பாலானவை மருந்து தொடங்கிய முதல் இரண்டு மாதத்துக்குள் நேர்கின்றன. அதாவது நோயைக் கண்டுபிடித்தாயிற்று, மருந்தும் கையில் கொடுத்தாயிற்று, அப்படியும் ஆள் போய்விடுகிறார். ஆகவே இத்திட்டத்தை வகுத்தவர்கள், கிருமி உண்டா என்ற கேள்வியோடு நில்லாமல், இவர்களில் சீக்கிரம் இறக்கக்கூடியவர் யார் என்று இன்னொரு கேள்வி கேட்டார்கள். நோய் உறுதியானதும் உயரத்தையும் எடையையும் பார்த்து, உயரத்துக்கு ஏற்ற எடை அபாயகரமாகக் குறைந்திருக்கிறதா என்று கணக்கிடுகிறார்கள். காலில் வீக்கம் இருக்கிறதா என்று அழுத்திப் பார்க்கிறார்கள். நிமிஷத்துக்கு 24 தடவைக்கு மேல் மூச்சு வாங்குகிறதா, விரலில் மாட்டும் கருவி பிராணவாயு 94க்குக் கீழ் என்று காட்டுகிறதா, பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா என்று பார்க்கிறார்கள். சுகாதாரப் பணியாளர் ஒருவர் சில நிமிஷத்தில் செய்யக்கூடிய வேலை. வைத்தியர் வேண்டாம், ரத்தப் பரிசோதனை வேண்டாம். இவற்றில் ஏதேனும் ஒன்று மோசமாக இருந்தாலும் வீட்டுக்கு அனுப்பாமல் ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. வீட்டுச் சிகிச்சையை உலகுக்குக் கற்பித்த மாநிலமே, யாரை வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்பதையும் இப்போது கற்பிக்கிறது. இதில் முரண்பாடு இல்லை. சேத்துப்பட்டு ஆராய்ச்சியின் உண்மையான எல்லை எதுவோ, அதற்கு அறுபது ஆண்டுகளுக்குப் பின் வேலி போட்டிருக்கிறார்கள். எடை பார்க்கும் தராசு இங்கே மீண்டும் வைத்தியக் கருவியாகிறது.

உணவின் பக்கத்தில் விடுபட்டதை நிறைவு செய்தது ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் 2019இல் தொடங்கிய ஆராய்ச்சி. அனுராக் பார்கவா, மாதவி பார்கவா என்ற மருத்துவத் தம்பதியர், சேத்துப்பட்டு நிலையத்தின் இன்றைய வடிவமாகிய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தோடு சேர்ந்து இதை நடத்தினார்கள். 2800 நோயாளிகள், அவர்கள் குடும்பங்களில் பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்கள். நோயாளிகள் அனைவருக்கும் உணவு கொடுத்துவிட்டு, குடும்பத்தாரில் ஒரு பிரிவினருக்கு மட்டும் தலைக்கு மாதம் ஐந்து கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ துவரம்பருப்பும் சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். அவ்வாறு பெற்ற குடும்பங்களில் புதிதாக க்ஷயம் தோன்றுவது மற்றக் குடும்பங்களைக் காட்டிலும் நூற்றுக்கு 39 பங்கு குறைந்தது. கிருமி உறுதியான நுரையீரல் க்ஷயத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் 48 பங்கு குறைந்தது. நோயாளிகளிடத்தில், முதல் இரண்டு மாதத்தில் எடை நூற்றுக்கு ஐந்து பங்கு ஏறியவர்களுக்கு மரண அபாயம் ஏறக்குறைய 60 பங்கு குறைந்திருந்தது. இத்தகைய பலனை ஒரு தடுப்பூசி அளித்திருந்தால் அதற்குக் கிடைத்திருக்கும் ஆரவாரத்தை நினைத்துப் பார்க்கலாம். துவரம்பருப்புக்கு அது கிடைக்கவில்லை. நோயாளிக்கு மாதம் 500 ரூபாய் என்று 2018இல் தொடங்கிய அரசாங்க உதவி 2024இல் 1000 ரூபாயானது நல்ல காரியம். குடும்பத்தாருக்கும் உணவு எட்ட வேண்டும் என்பதுதான் ஆராய்ச்சி கண்ட செய்தி. அது அரைகுறையாகவே அமலுக்கு வருகிறது.

2018இல் டெல்லியில் இந்தியப் பிரதமர், உலகம் 2030க்கு வைத்துக்கொண்ட க்ஷய ஒழிப்புக் குறிக்கோளை 2025லேயே இந்தியா எட்டும் என்று பிரகடனம் செய்தார். 2015இல் லட்சம் பேருக்கு 237 ஆக இருந்த புதிய நோயாளிகளின் விகிதம் 2023இல் 195 ஆகியிருந்தது. உலகச் சராசரியைவிட வேகமான இறக்கம்தான்; ஆயினும் இந்த வேகத்தில் ஒழிப்பு என்ற சொல்லுக்கு இடமில்லை. இடையே கோவிட் வந்து, யந்திரங்களையும் ஆட்களையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. 2025இல் அமெரிக்க அரசாங்கம் வெளிநாட்டு உதவியை வெட்டியதில் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் பல நாட்டுத் திட்டங்கள் நிலைகுலைந்தன.

எல்லோரும் இப்போது எதிர்பார்ப்பது தடுப்பூசியை. 1921 முதல் உள்ள பி.சி.ஜி. குழந்தைகளை மூளைக் காய்ச்சல் போன்ற கடுமையான க்ஷயத்திலிருந்து காக்கிறது. பெரியவர்களுக்குப் பயன்படவில்லை என்பதை நிறுவியதும் நம் மாநிலமே. செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968இல் தொடங்கி இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்டவர்களைப் பதினைந்து ஆண்டு கவனித்த சோதனையின் முடிவு அது. ஏமாற்றமான முடிவை ஒளிக்காமல் வெளியிட்ட அந்த ஆராய்ச்சியாளர்களுக்கு விஞ்ஞானம் கடமைப்பட்டிருக்கிறது. எம்72 என்ற புதிய தடுப்பூசி, கென்யா, தென்னாப்பிரிக்கா, ஸாம்பியா ஆகிய நாடுகளில் ஏற்கெனவே கிருமி புகுந்திருந்த பெரியவர்களிடத்தில் நோய் தோன்றுவதை மூன்று ஆண்டு வரை ஏறக்குறைய பாதியாகக் குறைத்தது. 2024 மார்ச்சில் அதன் இறுதிப் பரீக்ஷை தொடங்கி, ஆப்பிரிக்க நாடுகளிலும் இந்தோனேசியாவிலும் இருபதாயிரம் பேர் வரை சேர்க்கத் திட்டமிட்டார்கள். அது பலித்தால், ஊசி போட வேண்டியவர்கள் கூலி வேலைக்குப் போகும் இளைஞர்களும் பெரியவர்களும். குழந்தைகளுக்கு ஊசி போட அங்கன்வாடி வரை சென்ற ஏற்பாடு நம்மிடம் உண்டு. இருபத்தைந்து வயது ஆளுக்கு, அவன் ஒரு நாள் கூலியை இழக்காமல், எங்கே எந்த நேரத்தில் யார் போடுவது என்பதற்கு, கோவிட் காலத்து அவசரத்தில் செய்துகொண்டதைத் தவிர, நிலையான ஏற்பாடு இல்லை. ஊசி தயாராகும் முன் அதைச் செய்துமுடிக்க இன்னும் சில ஆண்டுகள் இருக்கின்றன.